பாட்டியின் சிவப்புக்கல் மூக்குத்தியைக் கொதிக்க வைத்தால் போதுமா?

ஏற்காட்டில் இருப்பதாகவும், மூக்குக் குத்தி மூன்று வாரம் ஆவதாகவும், பாட்டியின் மூக்குத்தியைப் பத்து நிமிடம் கொதிக்க வைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். மூக்குத் துளை உள்ளே ஆற மாதக்கணக்கில் ஆகும். வெளியே காய்ந்தது போலத் தெரிவதை நம்பாதீர்கள்.

கொதிநீர் பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், ஆனால் கெட்டியான உறைக்குள் வித்துகளாக (ஸ்போர்) இருப்பவை தப்பிவிடும். அதிலும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். முழுமையாகக் கிருமி நீக்க ஆட்டோகிளேவ்தான் வழி: அழுத்த நீராவி, 121 டிகிரி, குறைந்தது 15 நிமிடம். சேலத்தில் பல் மருத்துவமனைகளில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். உறையில் போட்டுத் தருவார்கள். நீராவிச் சூடு பட்டதைக் காட்டும் பட்டை அந்த உறையில் இருக்கும், அது நிறம் மாறியிருக்க வேண்டும்.

அதற்கு முன் திருகாணியின் புரிகளைச் சோப்புப் போட்டு, மெல்லிய பிரஷால் தேய்த்துவிடுங்கள். பழைய நகையில் அங்கேதான் கறுப்பாக அழுக்கு அடைந்திருக்கும். அழுக்கு இருந்தால் நீராவி உள்ளே போகாது. அப்புறம், கல்லுக்குப் பின்புறம் மூடிய கட்டாக இருந்தால் உள்ளே அரக்கு இருக்கலாம். சூட்டில் இளகிக் கல் விழுந்துவிடும், ஆசாரியிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி மூக்குத்தி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். ஆறாத புண்ணுக்கு வெள்ளி ஆகாது. உடலுக்குள் பொருத்தும் தர டைட்டானியமோ, நிக்கல் கலக்காத, 14 காரட்டுக்குக் குறையாத தங்கமோ சரி. டெட்டால், மஞ்சள் எதுவும் புண்ணில் வைக்காமல் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைனால் (உப்புநீர்) மட்டும் கழுவுங்கள். சீழோ காய்ச்சலோ வந்தால் நகையைக் கழற்றாமல் டாக்டரிடம் போங்கள்.