யூஎஸ்பி மோடத்தை ரௌட்டரில் செருகினால் அது குறுந்தகடாகத் தெரிவது ஏன்?

சிம் கார்டு போட்டுப் பயன்படுத்தும் யூஎஸ்பி மோடங்கள் பலவற்றுக்கு இரண்டு வேடங்கள் உண்டு. விண்டோஸ் கணினிக்குத் தேவையான டிரைவர் மென்பொருளைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், செருகியவுடன் மோடம் தன்னை ஒரு குறுந்தகடாகவே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. குறிப்பிட்ட கட்டளை வந்த பிறகே மோடமாக மாறுகிறது. எரிவாயு இணைப்பு கொடுக்க வந்தவர், கையேட்டை வாங்கிக்கொண்டோம் என்று நாம் சொல்லும்வரை அடுப்பைத் தொடாமல் நிற்பதைப் போன்றது இது. கணினியில் அந்த டிரைவர் மென்பொருளே கட்டளையை அனுப்பிவிடும். ரௌட்டரில் அதற்கு ஆளில்லை.

ஓப்பன் டபிள்யூஆர்டி என்னும் ரௌட்டர்களுக்கான திறமூல இயங்குதளத்தை நிறுவிய ரௌட்டர்களில் யூஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்னும் சிறு நிரல் இந்த வேலையைச் செய்கிறது. ஹுவாவே ஈ3372 மோடத்தின் ஹைலிங்க் வகையைச் செருகி ரௌட்டரின் பதிவேட்டைப் (log) பார்த்தால், 1எஃப்01 என்றிருந்த சாதன எண் சில நொடிகளில் 14டிசி என்று மாறும். அதன்பின் அது ஈதர்நெட் இணைப்பாகத் தோன்றி 192.168.8 என்று தொடங்கும் முகவரியை வழங்கும். அந்த இணைப்பை ரௌட்டரின் ஃபயர்வாலில் (பாதுகாப்புச் சுவர்) இணையப் பக்கத்தைக் குறிக்கும் வேன் (WAN) பகுதியில் சேர்ப்பதைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். சேர்க்காவிட்டால் ரௌட்டருக்கு இணையம் கிடைத்தும் வீட்டிலுள்ள கருவிகளுக்குக் கிடைக்காது.

மோடத்தின் விளக்கு எரிவதால் ரௌட்டர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று கருதுவது தவறு. அந்த விளக்கு காட்டுவது மோடத்துக்கும் கைபேசிக் கோபுரத்துக்கும் இடையிலான தொடர்பை மட்டுமே.