லூபஸ் மாத்திரையை நிறுத்த வேண்டாம், பழைய தழும்பைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 29. ஊர் நீலகிரி மலையில் நடுவட்டம். உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் லூபஸ் நோய்க்காக, மலேரியாவுக்கும் தரப்படும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நான்கு வருடமாக 200 மி.கி. தினமும் சாப்பிடுகிறேன். இப்போது நான்காவது மாதம். முதல் குழந்தை சிசேரியன். இந்த மலேரியா மாத்திரை கருவைக் கலைத்துவிடும் என்கிறார் மாமியார். நஞ்சுக்கொடி கர்ப்பப்பையோடு ஒட்டிக்கொள்ளும் என்று இன்னொருவரும் சொன்னார். பயந்துபோய் பத்து நாளாக நிறுத்திவிட்டேன். சரிதானா?

பதில்: சரியில்லை அம்மா. இன்றைக்கே உங்கள் லூபஸ் மருத்துவரிடம் பேசி மறுபடி ஆரம்பியுங்கள். இந்த மருந்து உடம்பில் பல வாரம் தங்கும், அதனால் பத்து நாளில் பெரிதாக ஒன்றும் கெட்டிருக்காது.

சிங்கோனா மரம் வளர்த்து, அதன் பட்டையிலிருந்து கொயினா என்ற மலேரியா மருந்து எடுத்த ஊரில் உங்கள் மாமியாருக்கு இந்தப் பயம் வருவது இயல்புதான். கொயினாவை அளவு மீறிச் சாப்பிட்டால் கரு கலையும் என்ற எச்சரிக்கை பழையது. ஆனால் நீங்கள் சாப்பிடுவது அந்த மரப்பட்டை மருந்து இல்லை. இது ஆய்வுக்கூடத்தில் உருவான வேறு மருந்து. 1955 முதல் புழக்கத்தில் இருக்கிறது. லூபஸ் உள்ள பெண்கள் கர்ப்ப காலம் முழுக்க இதைத் தொடர வேண்டும் என்றுதான் வாத நோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டக்கூடாது. நீங்கள் 40 கிலோவுக்குக் குறையாமல் இருந்தால் 200 அந்த வரம்புக்குள்தான். நிறுத்தினால்தான் ஆபத்து: நோய் கிளம்பிச் சிறுநீரகத்தைத் தாக்கலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், குழந்தை எடை குறையலாம்.

அடுத்தது நஞ்சுக்கொடி. மாத்திரையைக் குற்றம் சொல்லி நிறுத்தும் அளவுக்கு ஆதாரம் இல்லை. உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது சிசேரியன் தழும்பைப் பற்றி. கர்ப்பப்பையின் உள்சவ்வு தழும்பு இருக்கும் இடத்தில் சரியாக வளராது. நஞ்சுக்கொடி கீழ்ப்பகுதியில் அந்த இடத்தில் அமர்ந்தால், தடுக்கச் சவ்வு இல்லாமல் தசைக்குள் வேர்விடக்கூடும். அப்படி ஆனால் பிரசவத்தில் தானாகக் கழன்று வராது, பிரிக்கப் போனால் ரத்தம் கொட்டும். சிலருக்குக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரும்.

எனவே 18 முதல் 20 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில், "நஞ்சுக்கொடி பழைய தழும்பின் மேல் இருக்கிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கீழே இருந்தாலும் பயந்துவிடாதீர்கள், கர்ப்பப்பை வளர வளரப் பலருக்கு அது மேலே போய்விடும். ஆனால் ஒட்டியிருக்கிறது என்று சந்தேகம் வந்தால், ரத்த வங்கியும் அனுபவமுள்ள அறுவைக் குழுவும் உள்ள பெரிய மருத்துவமனையில் தேதி குறித்துப் பிரசவம் பார்க்க வேண்டும். ஊட்டி மருத்துவர்கள் கோவைக்குப் போகச் சொன்னால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் முன்கூட்டியே கீழே போய்த் தங்கிவிடுங்கள். ரத்தப்போக்கோடு மலைப்பாதையில் இறங்கும் நிலை உங்களுக்கு வரவே கூடாது.

அப்புறம், குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று இந்த மாதமே கேளுங்கள். ஆரம்பிக்க இதுதான் நேரம். லூபஸ் உள்ள சிலரின் ரத்தத்தில் இருக்கும் ஆன்டி-ரோ என்ற எதிர்ப்புப் பொருளுக்கான பரிசோதனை செய்யாமல் இருந்தால் அதையும் செய்துகொள்ளுங்கள். அந்தப் பொருள் இருந்தால் குழந்தையின் இதயத் துடிப்பைத் தனியாகக் கண்காணிப்பார்கள்.

வலி இல்லாமல் கொஞ்சம் ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று இருக்காமல் 108-ஐ அழையுங்கள்.