முகச் சுருக்கத்துக்கு கெமிக்கல் பீல்: தில்லி வாசகிகளின் கேள்விகளும் ஒரு தோல் மருத்துவரின் பதில்களும்

தில்லியில் தோல் மருத்துவராக இருக்கிறேன். தீபாவளி முடிந்து வெயில் தணிந்ததுமே நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பீல் பற்றிய கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பயன்படுகிறவற்றை எடுத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து, பகுதியையும் வயதையும் மட்டும் குறிப்பிட்டுள்ளேன்.

ஆர்.கே. புரம், 54 வயது: டாக்டர், மாதவிடாய் நின்று மூன்று வருஷம் ஆகிறது. முகம் களையிழந்து, கண்ணோரம் சுருங்கி, கன்னத்தில் பழுப்பாகத் திட்டு விழுந்திருக்கிறது. தங்கை மகள் பீல் செய்துகொள்ளச் சொல்கிறாள். தோலை உரித்தா எடுப்பார்கள்?

கத்தியோ கருவியோ கிடையாது. ஒரு ஆசிட்டை, இவ்வளவு சதவீதம், இவ்வளவு நேரம் என்று கணக்காகப் பூசி, தோலின் மேல் அடுக்கில் அளவான ஒரு காயத்தை உண்டாக்குகிறோம். அந்த அடுக்கு சில நாளில் உதிர்கிறது. அடியிலிருந்து புதிய செல்கள் மேலே வருகின்றன. இளவயதில் மேல்தோல் ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. வயது ஏற ஏற அந்த ஓட்டம் மெதுவாகிறது, இறந்த செல்கள் மேலே தங்கிவிடுகின்றன. முகம் களையிழந்து தெரிவதற்கு அது ஒரு காரணம். இன்னொன்று, தோலைத் தளராமல் தாங்கிப்பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலிலுள்ள கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடுகிறது. உங்களுக்கு இப்போது அந்தக் காலம்தான் நடக்கிறது.

மேலோட்டமான பீல் மேல்தோலோடு நின்றுவிடும். நிறம் சீராகும், திட்டு மங்கும், தொட்டால் வழவழப்பு தெரியும், மெல்லிய கோடுகள் கொஞ்சம் குறையும். நடுத்தர ஆழத்துக்குப் போகும் பீல் உள்தோலின் மேல்பகுதியைத் தொடுவதால், காயம் ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகிறது. சுருக்கத்துக்கு அதில் பலன் அதிகம், ஆபத்தும் அதிகம். உங்களுக்கு நான் சொல்வது மேலோட்டமானதையே, இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு நாலைந்து முறை செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் கன்னத்துத் திட்டு 'மங்கு' (மெலாஸ்மா) என்கிற நிறமித் திட்டுதானா என்று ஒரு தோல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும்.

துவாரகா, 47: சிட்டிங் சிட்டிங்காக அலைய நேரமில்லை. வெளிநாட்டில் ஒரே ஒரு பீலில் இருபது வயது குறைந்த மாதிரி ஒரு பெண்மணியை வீடியோவில் பார்த்தேன். அதை இங்கே செய்ய மாட்டார்களா?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மிக ஆழமாக இறங்கும் ஃபீனால் பீலாக இருக்கும். ஃபீனாலோடு குரோட்டன் எண்ணெய் சேர்த்த பேக்கர்-கோர்டன் கலவை 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆழமான சுருக்கத்துக்கு அது தரும் பலன் உண்மையானது, அதை மறுக்கவில்லை. ஆனால் ஃபீனால் தோல் வழியாக ரத்தத்தில் கலக்கும், இதயத் துடிப்பைக் குலைக்கும். ஈ.சி.ஜி. மானிட்டர் ஓடிக்கொண்டிருக்க, நரம்பில் டிரிப் ஏற்றி, முகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நடுவே இடைவெளி விட்டுத்தான் பூசுவார்கள். ஈரலும் சிறுநீரகமும் நன்றாக இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமான விஷயம் நம் நிறம். சூரிய ஒளிக்குத் தோல் எப்படி எதிர்வினை செய்கிறது என்பதை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975-இல் ஒரு வகைப்பாட்டை முன்வைத்தார். இப்போது அதில் ஆறு வகைகள் உண்டு, ஒன்று மிக வெளுத்த தோல், ஆறு மிகக் கருத்த தோல். அந்த வீடியோ பெண்மணி அநேகமாக ஒன்றாம் அல்லது இரண்டாம் வகை. நாம் பெரும்பாலும் நான்கு, ஐந்து, சிலர் ஆறு. நம் தோலில் நிறமி செல்கள் எளிதில் தூண்டப்படும். சின்னக் காயத்துக்கும் கருத்துப்போகும். ஃபீனால் அளவுக்கு ஆழமாகப் போனால் நேர்மாறாக நிறமே நிரந்தரமாகப் போய்விடலாம்: முகம் வெளுத்து, கழுத்து மாநிறமாக, தாடையோரம் கோடு போட்டதுபோல் தெரியும். அதைத் திருப்ப வழியில்லை.

ஆழம் கூடினால் பலன் கூடும் என்ற கணக்கு மாநிறத் தோலுக்கு ஒத்துவராது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை நினைவில் வையுங்கள். 35 சதவீத டி.சி.ஏ. (டிரைகுளோரோஅசிடிக் ஆசிட்) போன்ற நடுத்தர பீலைக்கூட நமக்கு மிகவும் யோசித்துத்தான் செய்ய வேண்டும். நேரமில்லை என்பதற்காக ஆழத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். நேரம் கிடைக்கும்போது தொடங்குங்கள், தோல் காத்திருக்கும்.

மயூர் விஹார், 49: முதல் சிட்டிங் அடுத்த மாதம். உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததால் பயமாக இருக்கிறது.

கிளைகாலிக் ஆசிட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன். முகத்தைக் கழுவி, எண்ணெய்ப்பசை போகத் துடைப்பார்கள். கண்ணோரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் வாசலின் தடவுவார்கள். ஆசிட் அங்கே தேங்கினால் புண்ணாகும் என்பதால் இந்த முன்னெச்சரிக்கை. பிறகு பிரஷ்ஷிலோ பஞ்சிலோ நெற்றியில் ஆரம்பித்து, கன்னங்கள், தாடை, கடைசியாக மேலுதடு. பூசத் தொடங்கும்போதே டைமர் ஓடும். முதலில் ஊறல், பிறகு எறும்பு கடிப்பதுபோல் சுருக் சுருக்கென்று இருக்கும். கையில் சின்ன விசிறியோ முகத்துக்கு நேராக மின்விசிறியோ கொடுப்பார்கள். எரிச்சல் பத்துக்கு எத்தனை என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். தைரியசாலி என்று காட்ட எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லாதீர்கள், அந்த எண்ணை வைத்துத்தான் நிறுத்துவதா தொடர்வதா என்று முடிவு செய்கிறோம்.

மருத்துவர் உங்கள் தோலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். லேசாகச் சிவந்தால் போதும். எங்காவது சாம்பல் கலந்த வெள்ளை தட்டுப்பட்டால், நேரம் மிச்சமிருந்தாலும் அந்த இடத்தை உடனே சோடியம் பைகார்பனேட் கரைசலால் நடுநிலையாக்கிவிட வேண்டும். கிளைகாலிக் அப்படி நிறுத்தும் வரை வேலை செய்துகொண்டே இருக்கும். சாலிசிலிக் ஆசிட் வேறு மாதிரி: ஒன்றிரண்டு நிமிடத்தில் முகமெல்லாம் மாவு பூசியதுபோல் வெளுக்கும், அது ஆசிட் படிகம்தான், பயப்பட வேண்டாம், துடைத்தால் போய்விடும். டி.சி.ஏ.-யில் வரும் வெள்ளையோ தோலின் புரதமே உறைவதால் வருவது. அதைத் தண்ணீர் விட்டுக் கழுவி மாற்ற முடியாது. அதனால்தான் அதைப் பூசும் கைக்கு அனுபவம் வேண்டும் என்கிறோம்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் நாள் முகம் சிவந்திருக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் இழுத்துப் பிடித்ததுபோல் காய்ந்து, வாயைச் சுற்றி முதலில் செதில் செதிலாகக் கிளம்பும். சிலருக்கு உரியவே உரியாது, அப்படியானால் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. உரிகிற தோலைக் கையால் பிய்க்காதீர்கள். பிய்த்த இடம்தான் பிறகு கருக்கும்.

சிட்டிங்குக்கு முன் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. இரண்டிலிருந்து நான்கு வாரம் தோலைத் தயார்படுத்த வேண்டும்: தினமும் சன்ஸ்கிரீன், மருத்துவர் சொன்னால் இரவில் ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை) கிரீம், மங்கு இருந்தால் நிறமியைக் குறைக்கும் கிரீம். ரெட்டினாய்டைச் சிட்டிங்குக்குச் சில நாள் முன்பே நிறுத்திவிடுவோம். இந்தத் தயாரிப்பில்லாமல் முதல் சந்திப்பிலேயே பீல் போட்டு அனுப்புகிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். உதட்டோரம் அடிக்கடி அக்கி வருகிறவராக இருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், நடுத்தர பீலென்றால் ஏசைக்ளோவிர் வகை வைரஸ் எதிர்ப்பு மாத்திரை கொடுத்த பிறகே தொடங்குவோம்.

கரோல் பாக், 41: பார்லரில் 'ஃப்ரூட் பீல்' சல்லிசாகச் செய்கிறார்கள். செய்யலாமா?

பாட்டிலில் என்ன ஆசிட், எத்தனை சதவீதம், பி.எச். (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய வீரியம் கூடும்) என்ன என்று கேளுங்கள். சதவீதம் மட்டும் போதாது. 70 சதவீத கிளைகாலிக்கின் பி.எச். 1-க்கும் கீழே இருந்தால் அது ஒரு மருந்து, 3-க்கு மேல் சரிசெய்யப்பட்டிருந்தால் வேறொரு மருந்து. பதில் சொல்லத் தெரியாதவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

காசியாபாத், 38: மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் கொடுத்தார்கள். நாலு வருஷமாகப் போடுகிறேன். முகம் பளிச்சென்று இருந்தது. இப்போது ஒரு நாள் விட்டாலும் சிவந்து எரிகிறது, ரத்தக் குழாய் தெரிகிறது, மேலுதட்டில் முடி வருகிறது. பீல் போட்டால் சரியாகுமா?

உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கஷ்டப்பட்டது, ஏனென்றால் வாரத்தில் பல முகங்களை இதே நிலையில் பார்க்கிறேன். டியூபின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மொமெடசோன் என்று மூன்று பெயர் இருக்கக்கூடும். மூன்றாவது ஸ்டீராய்டு. அமெரிக்கத் தோல் மருத்துவர் கிளிக்மன் 1975-இல் இப்படி மூன்றைச் சேர்த்தது மங்குக்கான மருந்தாக, குறுகிய காலத்துக்கு. நம் ஊரில் அது வெளுப்பேற்றும் கிரீமாகக் கைமாறிவிட்டது. 2018-இல் பல ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் கவுன்டரில் கிடைக்கிறது.

இப்போது பீல் வேண்டவே வேண்டாம். உங்கள் தோல் மெலிந்துபோயிருக்கிறது, மேலோட்டமான பீல்கூட ஆழமாக இறங்கிவிடும். கிரீமை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், எரிச்சல் பொறுக்காமல் திரும்ப அதையே தேடுவீர்கள். எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனை இரண்டிலும் தோல் பிரிவு இருக்கிறது. டியூபைக் கையோடு எடுத்துப் போங்கள். தேற மாதக்கணக்கில் ஆகும், ஆனால் தேறும். வெளுப்புக்காக உங்களை இதில் தள்ளியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பதிலை அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

நொய்டா, 61 (இவர் வாசகர்): ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், சுகரும் உண்டு. காலை நடைப்பயிற்சி வெயிலில் முகம் கருத்து, கன்னத்தில் ஒரு கரும்புள்ளி பெரிதாகி வருகிறது.

சார், முதலில் அந்தப் புள்ளி. பெரிதாகிற, ஓரம் ஒழுங்கில்லாத, ரத்தம் கசிகிற எதையும் என்னவென்று உறுதி செய்யாமல் அதன்மேல் பீல் போடக்கூடாது. இந்த வாரமே காட்டுங்கள். ஆஸ்பிரினை பீலுக்காக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களுக்குத்தான் சாலிசிலிக் கூடாது. சுகர் கட்டுக்குள் வந்த பிறகு மற்றதைப் பேசலாம், இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும். பீலுக்கு முதல் நாளும் அன்றும் ஷேவ் செய்ய வேண்டாம்.

பீதம்புரா, 52: பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். போட்டோவில் நன்றாகத் தெரிய வேண்டும். எப்போது தொடங்கலாம்?

ஐப்பசியிலேயே தொடங்குங்கள். கடைசி சிட்டிங்குக்கும் முகூர்த்தத்துக்கும் நடுவே குறைந்தது மூன்று வாரம் இருக்கட்டும். வாழ்க்கையின் முதல் பீலைக் கல்யாண வாரத்தில் செய்துகொண்டு, மேக்கப் ஒட்டாத முகத்தோடு மணமேடையில் நின்ற தாய்மார்கள் உண்டு. தில்லியில் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை வசதியான காலம், வெயில் குறைவு. காற்று மிகவும் வறண்டிருப்பதால் மாய்ஸ்சரைசரை மட்டும் தாராளமாகப் போடுங்கள். மாசியில் செய்துகொள்கிறவர்கள் ஹோலி எந்தத் தேதி என்று பார்த்துக்கொள்ளுங்கள். உரிந்த தோலில் வண்ணப்பொடி பட்டால் நான் ஒரு மாதம் மருந்து எழுத வேண்டியிருக்கும்.

வசந்த் குஞ்ச், 57: தாடைக்குக் கீழே தொங்குகிற தோல், சிரிக்கும்போது விழும் கோடு?

இரண்டுக்கும் பீல் பயன்படாது. தொங்கலுக்கும் தசை அசைவால் விழும் கோட்டுக்கும் சிகிச்சைகள் வேறு. அதற்கென்று பீல் பேக்கேஜ் விற்றால் வாங்காதீர்கள்.

ரோகிணி, 44: ஆன்லைனில் டி.சி.ஏ. பாட்டில் கிடைக்கிறது. இல்லையென்றால் எலுமிச்சைச் சாறு?

இரண்டும் வேண்டாம். மருத்துவ மேற்பார்வையில்லாமல் இத்தகைய பீல்களை வாங்கிப் பூச வேண்டாமென்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024-இல் எச்சரித்தது. தீக்காயம், தொற்று, தழும்பு எல்லாம் வரும் என்பதுதான் காரணம். எலுமிச்சை வகைப் பழச்சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் வெயில் பட்டால் தோலைக் கொப்புளிக்கவும் கருக்கவும் வைக்கும். எலுமிச்சையைச் சாதத்தில் பிழியுங்கள்.

ஜனக்புரி, 50: பீல் செய்து மூன்று வாரத்தில் இரண்டு கன்னமும் முன்னைவிடக் கருத்துவிட்டது. செய்த இடத்தில் இன்னொரு ஸ்ட்ராங் பீல் போட்டால் சரியாகும் என்கிறார்கள். அழுகையாக வருகிறது.

அழாதீர்கள் அம்மா. இது காயத்துக்குப் பின் வரும் கருமை. நம் தோலில் பீலின் பின்விளைவுகளில் அடிக்கடி பார்ப்பது இதுதான். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் மங்கிவிடும். இன்னொரு பீல் இப்போது கூடவே கூடாது. எரிந்த இடத்திலேயே மறுபடி எரிக்கிற வேலை அது. ஸ்கிரப், ஃபேஷியல், திரெட்டிங் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். அஸிலாயிக் ஆசிட் போன்ற மென்மையான மருந்து எது தாங்கும் என்று ஒரு தோல் மருத்துவர் பார்த்துத் தரட்டும்.

சன்ஸ்கிரீனை மாற்றுங்கள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் மாநிறத் தோலில் கருமையைக் கூட்டும், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் உள்ளதை, எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். வெளியே இருந்தால் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மறுபடி. இன்றைக்கு நல்ல வெளிச்சத்தில், ஜன்னலருகே, மேக்கப் இல்லாமல் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் கண்ணாடி பார்த்தால் மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரியும்.