பெர்ஜுந்தை சைக்கிள் கடையில் கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்ல என்னை உட்கார வைத்திருக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயாவில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். 2007-இல் ஊர்ப் பெயர் மாறிவிட்டது. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அப்பா காலத்திலிருந்து டயர் கழற்றுகிற கை இது. மோட்டார் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (ஆசிரியை, இஜோக்): அண்ணே, ஞாயிற்றுக்கிழமை எங்கே பார்த்தாலும் சைக்கிள் கூட்டம். நம் பக்கத்தில் சைக்கிள் ஓட்டுவது உண்மையிலேயே கூடியிருக்கிறதா?

பதில்: ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கேட்டால் ஆமாம் என்பேன். ரவாங்கிலிருந்தும் ஷா ஆலாமிலிருந்தும் காரில் சைக்கிளை மாட்டிக்கொண்டு வந்து, கோலா சிலாங்கூர் வரை ஓட்டிவிட்டு, நம் ஊரில் ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்புகிறார்கள். பத்து வருடத்துக்கு முன் இது இல்லை.

2020 மார்ச் 18-இல் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததே, அது கொஞ்சம் தளர்ந்ததும் சைக்கிளுக்கு அலைந்தார்கள். கடையில் கடைசியாகத் தொங்கிய பெண்பிள்ளை சைக்கிளைக்கூட நாற்பது வயது ஆள் ஒருவர் வாங்கிப் போனார். அந்தக் காலத்தில் விற்றவை இப்போது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. சங்கிலி துரு, டியூப் டயரோடு ஒட்டிக் கிடக்கும், ஆனால் டயரில் புதிதாக வரும் ரப்பர் மயிர் அப்படியே இருக்கும். நான் எண்ணுவது அந்த மயிரைத்தான். விற்ற கணக்கை வைத்து ஓட்டுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை கதை வேறு. நான் படித்த தமிழ்ப்பள்ளியில் சைக்கிள் கொட்டகையில் இடம் பிடிக்கச் சண்டை நடக்கும். இன்று வேனும் அம்மாக்களின் மோட்டாரும்தான். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்த குடும்பத்துக்குப் பள்ளி தூரமாகிவிட்டது, நடுவில் மணல் லோரி ஓடும் சாலை. எந்தத் தாய் அனுப்புவாள்?

நூல் தெரியும்வரை தேய்ந்த பின் டயரோடு என் கடைக்கு வருகிறவர்கள் யார் தெரியுமா? செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத்துக்காரர்கள், இந்தோனேசியர்கள். நீங்கள் பார்த்த கூட்டத்தில் அவர்களை எண்ணினீர்களா, டீச்சர்?

கேள்வி (தாமானிலிருந்து ஒரு தம்பி): அங்கிள், ஆயிரம் வெள்ளிக்குள் எந்த சைக்கிள் வாங்கலாம்?

பதில்: முன்பக்க ஸ்பிரிங் இல்லாத, கெட்டி ஃபோர்க் உள்ள 27.5 இஞ்சு. அந்த விலையில் வரும் ஸ்பிரிங் வெறும் கனம். மிச்சக் காசில் பின் விளக்கு வாங்குங்கள். பின் விளக்கு இல்லாமல் கடையை விட்டு வெளியே போகாதீர்கள்.

கேள்வி (பேரனின் தாத்தா): தோட்டப் பாதையில் வாரம் ஒரு பஞ்சர். டியூப் மாற்றினாலும் மறுநாளே இறங்கிவிடுகிறது.

பதில்: ஐயா, முள் டயரிலேயே இருக்கிறது. செம்பனை மட்டையின் அடிமுள் குத்தியதும் நுனி ஒடிந்து ரப்பருக்குள் தங்கிவிடும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டயரைக் கழற்றி உள்பக்கம் பழைய துணியால் சுற்றித் துடையுங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள். விரலால் தடவாதீர்கள், எனக்கு இருக்கும் தழும்பு போதும். கட்டிங் பிளேயரால் பிடுங்கிவிட்டு அப்புறம் டியூப் போடுங்கள். மலாயாவில் முதன்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்கு நட்டது 1917-இல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். ஆகவே நாட்டிலேயே பழைய பஞ்சர் நம்முடையதாகத்தான் இருக்கும்.

கேள்வி (ஓய்வு பெற்ற கிராணி, தோட்ட எழுத்தர்): தம்பி, ஆசிரியைக்குச் சொன்ன பதிலில் ஒரு தப்பு. வெளிநாட்டுத் தொழிலாளி வேறு வழியில்லாமல் ஓட்டுகிறான். அதையும் சைக்கிள் மோகத்தில் சேர்க்கலாமா?

பதில்: மோகம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. ஓட்டுகிறார்கள் என்றேன். என் அப்பாவும் வேறு வழியில்லாமல்தான் ஓட்டினார். விடிய முன்னே பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போக, பால்மரக் (ரப்பர்) காட்டுக்குப் போக, தோள் கம்பில் தொங்கும் காண்டா வாளியில் தோள் புண்ணாகாமல் கேரியரில் பால் டின்னைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வர. அன்று லயத்து வாசலில் நின்ற சைக்கிள்களை எண்ணித்தானே ‘அந்தக் காலத்தில் எல்லாரும் ஓட்டினோம்’ என்று பெருமையாகச் சொல்கிறோம்? அந்தக் கணக்கு சரியென்றால் இவர்கள் கணக்கும் சரி.

கேள்வி (மணல் லோரி ஓட்டுநர்): அண்ணே, நீங்கள் ரெண்டு பேரும் எண்ணிக்கொண்டிருங்கள். ஞாயிறு காலையில் நாலு பேர் அகலமாகப் பேசிக்கொண்டே போகிறார்கள். நான் பிரேக் அடித்தால் பின்னால் இருக்கிற பாரம் என்னைத் தள்ளும்.

கேள்வி (ஞாயிறு ஓட்டுபவர், ரவாங்): சாலை லோரிக்கு மட்டுமா? ஒரு முழம் இடைவெளிகூட விடாமல் உரசிப் போகிறார்கள்!

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அப்புறம் என்னை விடுங்கள். லோரி அண்ணன் சொல்வது நிஜம். வளைவுக்கு முன்னால் ஒற்றை வரிசையாகிவிடுங்கள். வளைவில் லோரியிலிருந்து விழுந்த செம்பனைப் பழம் நசுங்கிக் கிடக்கும், மழை பட்டால் சோப்புக்கட்டி மாதிரி. பக்கத்தில் ஆள் இருந்தால் விலக இடமில்லை. லோரி அண்ணே, உங்களுக்கு ஒரே வேண்டுகோள்: முந்தினால் முழுசாக அடுத்த தடத்துக்குப் போய் முந்துங்கள். அரைகுறையாக முந்துவதுதான் சாகடிக்கிறது. நீங்கள் உரசுவது கார்பன் சைக்கிளை மட்டும் இல்லை. இருட்டில் விளக்கில்லாமல் வேலைக்குப் போகிறவனும் அதே ஓரத்தில்தான் இருக்கிறான். போன தீபாவளிக்கு முன் ஒரு மூட்டை பின் விளக்கு வாங்கி, தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அடக்க விலைக்குக் கொடுத்தேன். பாதிப் பேர் பேட்டரியைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுவிட்டார்கள்.

கிராணி ஐயா மீண்டும் மூன்று முறை எழுதியிருக்கிறார். ஐயா, கடைக்கு வாருங்கள், தே தாரிக் வாங்கித் தருகிறேன். இங்கே வேண்டாம்.

கேள்வி: ஆயிரம் வெள்ளிக்குள் நல்ல சைக்கிள் எது?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி (பதினாலு வயசு): அங்கிள், சீட்டைத் தாழ்த்தி, பிரேக்கைக் கழற்றி லாஜாக் சைக்கிள் செய்து தருவீங்களா?

பதில்: மாட்டேன். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் விடியற்காலை அப்படி ஓட்டிய எட்டுப் பையன்கள் ஒரே விபத்தில் போனார்கள். வேகம் பிடிக்கும் என்றால் நீலாயில் தேசிய வெலோட்ரோம் இருக்கிறது. அங்கேயும் பிரேக் கிடையாது, ஆனால் எதிரே லோரி வராது. டுங்குன் பையன் அசிசுல்ஹஸ்னி ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும் தோக்கியோவில் வெள்ளியும் எடுத்தது அந்த மாதிரித் தடத்தில்தான். நம்மில் எம். குமரேசன் ஒலிம்பிக் வரை போயிருக்கிறார். மாநிலச் சைக்கிள் சங்கத்தைக் கேள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: முட்டி வலிக்கிறது. சைக்கிளை விட்டுவிடவா?

பதில்: குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நிற்கும்படி சீட்டை ஏற்றுங்கள். அப்படியும் வலித்தால் டாக்டர். நான் சைக்கிள் டாக்டர் மட்டும்தான்.

கேள்வி: சங்கிலி எப்போது மாற்ற வேண்டும்? சமையல் எண்ணெய் விடலாமா?

பதில்: இரும்பு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஓர் ஆணியின் நடுவிலிருந்து பன்னிரண்டாவது இஞ்சில் இன்னொரு ஆணியின் நடு வர வேண்டும். ஒரு இஞ்சில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் போயிருக்கும். சமையல் எண்ணெய் விடவே கூடாது! இரண்டு வாரத்தில் செம்மண்ணோடு பிசினாகிவிடும். செம்பனை ஊரில் பிறந்ததால் போத்தல் கையோடு இருக்கும், தெரியும். சட்டியோடு நிறுத்துங்கள்.

கேள்வி: அங்கிள், ஆயிரம் வெள்ளிக்குள்...

பதில்: மேலே.

கேள்வி (தோட்டத்தில் பால் வெட்டிய அக்கா): வீட்டுக்காரர் ஓட்டிய ராலே சைக்கிள் சமையல்கட்டுக்குப் பின்னால் நிற்கிறது. கம்பி பிரேக். டயர் கிடைக்குமா? மகன் 700 டயர் போடலாம் என்கிறான். சங்கிலிக்கு மட்டும் தவறாமல் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.

பதில்: அக்கா, மகன் சொல்வதைக் கேட்காதீர்கள். அவருடைய 700 டயருக்கு ரிம் 622 மில்லிமீட்டர், உங்களுடையது 28 x 1½ என்றால் 635. தள்ளினாலும் ஏறாது. இந்தியாவில் அந்த அளவு டயரை இன்னும் செய்கிறார்கள், வரவழைத்துத் தருகிறேன். ரிம்மையும் மாற்ற வேண்டாம். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில்தான் பிடிக்கும், புது ரிம்மில் அதற்கு இடமே இருக்காது. காற்று அடிக்காமல் உருட்டாதீர்கள், ரிம் நெளியும். லோரியில் ஏற்றிக் கொண்டுவரச் சொல்லுங்கள், கூலி பேசிக்கொள்ளலாம்.

எண்ணெய் விட்டேன் என்கிறீர்களே, எந்த எண்ணெய் அக்கா?