மகளோடு மருமகனும் போகலாமா?

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். மகள் முதுமாணி படிக்க வெளிநாடு செல்லுமுன் ஆவணியில் எழுத்தையும் (கலியாணப் பதிவு) தாலிகட்டையும் முடித்து, மருமகனையும் கூடவே அனுப்பிவிட விரும்புகிறீர்கள்; எந்த நாடு, எந்தப் படிப்பு என்பதை மட்டும் முகவரிடம் விட்டிருக்கிறீர்கள். இந்த வரிசையைத்தான் மாற்றச் சொல்வேன். கணவர் உடன் செல்லலாமா, சென்றால் வேலை செய்யலாமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மகள் சேரும் படிப்பின் வகையே. கலியாணப் பதிவு அதற்குப் பின்னால் வரும் சான்று மட்டுமே.

பிரித்தானியாவில் 2024 ஜனவரி 1 முதல் தொடங்கும் விரிவுரை வழி முதுமாணிப் படிப்புகளுக்குச் செல்வோர் துணையை அழைத்துச் செல்ல முடியாது. கலாநிதிப் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பில் சேர்பவர்களுக்கும், அரசாங்கப் புலமைப்பரிசிலில் செல்பவர்களுக்கும் மட்டுமே அந்த வழி திறந்திருக்கிறது. உங்கள் ஒன்றுவிட்ட தம்பி மனைவியோடு இலண்டன் போனது 2022இல், பழைய விதியின்கீழ். அதை இன்றைக்கு முன்னுதாரணமாக எடுக்க வேண்டாம்.

கனடாவில் 2025 ஜனவரி 21 முதல், 16 மாதமோ அதற்கு மேலோ நீளும் முதுமாணி, கலாநிதிப் படிப்பு, குறிப்பிட்ட சில தொழில்சார் பட்டங்கள் ஆகியவற்றில் படிப்போரின் துணைக்கே திறந்த வேலை அனுமதி (ஒரே முதலாளியோடு கட்டுப்படாத அனுமதி) கிடைக்கிறது. எனவே ஓராண்டு முதுமாணியும் கல்லூரி டிப்ளோமாவும் மருமகனுக்கு உதவா. ஸ்காபரோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் வேறுவிதமாகச் சொன்னாலும், பல்கலைக்கழகம் தரும் அனுமதிக் கடிதத்தில் உள்ள மாதக் கணக்கையே நம்புங்கள்.

அவுஸ்திரேலியா இந்த விடயத்தில் சற்று இளகியது. முதுமாணி மாணவியின் கணவர், படிப்பு தொடங்கிய பின் மணிக்கணக்கு வரம்பின்றி வேலை செய்யலாம். ஆனால் ஒரு நிபந்தனையைப் பலர் தவறவிடுகிறார்கள்: விண்ணப்பிக்கும்போதே திருமணமாகியிருந்தால், கணவர் உடனே போகாவிட்டாலும் அவரது பெயரை மகளின் படிவத்தில் காட்டியாக வேண்டும். மறைத்தால் பின்னர் துணையாக அவரை அழைப்பது சிக்கலாகும். வாழ்க்கைச் செலவுக்காக 2024 மே 10 முதல் மாணவருக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலரும் துணைக்கு மேலதிகமாக 10,394 டொலரும் காட்ட வேண்டும். கல்விக் கட்டணமும் பயணச்செலவும் இதற்கு வெளியே. சீதனமாகக் கொடுக்கும் காணியின் உறுதி வங்கியிலிருக்கும் பணத்துக்கு ஈடாகாது. விசா விண்ணப்பத்துக்கு முந்திய கிழமை எங்கிருந்தோ வந்து விழுந்த நிலையான வைப்பும் கேள்வியைக் கிளப்பும்.

ஆவணங்களில் எனக்கு அதிகம் கவலை தருவது பெயர்தான். நம்மிடம் தந்தையின் பெயரே முன்னால் நிற்கும்; பிறப்புச் சான்றிதழ் தமிழில் இருக்கும்; கடவுச்சீட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டல் யாரோ ஒருவர் அன்றைக்கு எழுதியபடி இருக்கும். ஒரு தம்பதியின் விவாகச் சான்றிதழின் மொழிபெயர்ப்பில், கடவுச்சீட்டில் இருந்த ஓர் 'எச்' விடுபட்டிருந்தது; அதற்கு விளக்கக் கடிதமும் சத்தியக்கடதாசியும் தயாரிக்கவே மூன்று கிழமை போயிற்று. ஆகையால் எழுத்து நாளன்று பதிவாளர் நிரப்பும் படிவத்தைக் கையெழுத்திடுமுன் கடவுச்சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தும் கோயில் கலியாணமும் வெவ்வேறு நாட்களில் நடந்தால், விசாப் படிவத்தில் பதிவுத் திகதியை எழுதி, சடங்கின் திகதியை விளக்கக் கடிதத்தில் தனியே குறிப்பிடுங்கள். தாலிக்குப் பொன் உருக்கும் பொன்னுருக்குச் சடங்கின் படங்களையும் இரு வீட்டார் சேர்ந்து நிற்கும் படங்களையும் எடுத்து வையுங்கள். விசாவுக்காகச் செய்த கலியாணம் என்ற ஐயம் எழுந்தால் அவையும் சாட்சி சொல்லும்.

மருமகன் தன் வேலையை உடனே விட வேண்டியதில்லை. மகள் முதல் தவணையை முடித்து, வாடகை வீட்டில் அமர்ந்த பின் அவர் சேர்ந்துகொள்வது பல குடும்பங்களுக்கு மலிவாகவும் நிம்மதியாகவும் இருந்திருக்கிறது.

முகவரிடம் அடுத்த தொகையைக் கட்டுமுன், படிப்பின் பெயர், மட்டம், மாதக் கணக்கு ஆகிய மூன்றும் உள்ள அனுமதிக் கடிதத்தின் பிரதியை எனக்கு அனுப்புங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கொடுப்பதை அதுவரை தள்ளிவைக்கலாம்.