தாய்க்கு மடிநோய், பத்து நாள் கன்றுக்கு எந்தப் பால்?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்:

"எங்கள் ஜெர்சி கலப்புப் பசுவுக்கு இது இரண்டாம் ஈத்து. கிடாரிக் கன்று போட்டுப் பத்து நாள் ஆகிறது. எட்டாம் நாள் மாட்டுக்கு மடிநோய் வந்துவிட்டது. இரண்டு காம்பில் பால் திரிதிரியாக வருகிறது. டாக்டர் ஊசி போட்டு, காம்பு வழியாக மருந்தும் ஏற்றுகிறார். கன்றுக்குப் பாக்கெட் பால் வாங்கி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, தெம்பாக இருக்கட்டும் என்று கொஞ்சம் வெல்லமும் போட்டுக் கொடுத்தோம். நேற்றிலிருந்து கழிகிறது. வீட்டில் எருமை ஒன்று கறக்கிறது, அந்தப் பாலைக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டில் கேழ்வரகுக் கஞ்சி ஊற்றச் சொல்கிறார்கள். கடையில் கன்றுக்கென்றே பால் பவுடர் இருக்கிறதாம். எதைக் கொடுப்பது?"

அம்மா, முதலில் வெல்லத்தை நிறுத்துங்கள். தண்ணீர் கலப்பதையும் நிறுத்துங்கள். எந்தப் பால் என்பதை அப்புறம் பார்ப்போம்.

வெல்லத்திலும் சர்க்கரையிலும் இருக்கும் இனிப்பைச் செரிக்கிற நொதி மாட்டுக் கன்றின் குடலில் கிடையாது. நம் வீட்டுக் குழந்தைக்கு இருக்கிறது, கன்றுக்கு இல்லை. பாலில் இயற்கையாக உள்ள இனிப்பையும் குளுக்கோஸையும் அது எடுத்துக்கொள்ளும். வெல்லம் மட்டும் செரிக்காமல் கீழ்க்குடல் வரை போய், அங்கே நொதித்து, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். அதுதான் கழிச்சல். நீங்கள் தெம்புக்காகக் கொடுத்ததே தெம்பைக் குறைத்திருக்கிறது. இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. வடாற்காடு பக்கம் பாதி வீடுகளில் இந்தப் பழக்கம் உண்டு.

கஞ்சிக்கும் இதே கதைதான். முதல் மூன்று நான்கு வாரம் மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் கன்றுக்கு மிகக் குறைவு. கேழ்வரகுக் கூழ் வயலுக்குப் போகிறவர்களுக்கு அருமையான சாப்பாடு. பத்து நாள் கன்றுக்கு அது வெறும் சுமை.

இன்றைக்கு உடனே செய்ய வேண்டியது இது. கன்று நிற்கிறதா, பால் பாத்திரத்தைக் கண்டால் தலையைத் தூக்குகிறதா என்று பாருங்கள். கழுத்துத் தோலைக் கிள்ளி இழுத்து விடுங்கள். உடனே சமனாக வேண்டும். இரண்டு விநாடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால், அல்லது கண் உள்வாங்கியிருந்தால், நீர் வற்றிவிட்டது. அப்போது வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரை அழையுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண் இருக்கிறது. கன்று தெம்பாக இருந்து கழிச்சல் மட்டும் இருந்தால், மருந்துக் கடையில் குழந்தைகளுக்கு விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி கரைத்து, வெதுவெதுப்பாக ஒரு லிட்டர் வீதம் நாளைக்கு இரண்டு மூன்று தடவை கொடுங்கள். அதில் இருப்பது குளுக்கோஸ், அதனால் கன்றுக்கும் ஆகும். பாலோடு சேர்த்துக் கலக்காதீர்கள், இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கழிகிறதே என்று பாலை நிறுத்திவிடவும் கூடாது. கழியும் கன்று பட்டினியும் கிடந்தால் மூன்றாம் நாள் எழுந்திருக்காது. சாணத்தில் ரத்தமோ சளியோ தெரிந்தாலும், உடம்பு சில்லிட்டுப் போனாலும் காத்திருக்க வேண்டாம்.

இனி பாலுக்கு வருவோம். மாட்டுக்கு நான்கு வயிறு என்று எல்லோருக்கும் தெரியும். இந்த வயதில் அதில் வேலை செய்வது நான்காவது ஒன்றுதான். கன்று தலையை நிமிர்த்திச் சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு வாய்க்கால் மடிந்து மூடிக்கொண்டு, பாலை முதல் வயிற்றில் விழவிடாமல் நேரே நான்காவதற்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே பால் தயிர்போல உறைந்து, மெதுமெதுவாகக் கரைந்து குடலுக்கு இறங்குகிறது. பால் உறைந்தால்தான் கன்று உருப்படும். தண்ணீர் கலந்த பால் சரியாக உறையாது.

அணைக்கட்டு பக்கம் வேலை பார்த்த நாளில் இறந்துபோன ஒரு மூன்று வாரக் கன்றை அறுத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் மூங்கில் குழாயால் வாயில் ஊற்றிப் பழக்கம். பாலும் கஞ்சியும் முதல் வயிற்றில் அப்படியே தேங்கிக் கிடந்தது. கத்தி பட்டதும் கிளம்பிய வாடை, புளித்த இட்லி மாவுப் பானையைத் திறந்தது போல இருந்தது. நான்காவது வயிறு காலி. வீட்டுக்காரர் மூன்று வேளையும் தவறாமல் ஊற்றியிருக்கிறார், பாவம். வயிறு நிறைந்தே கன்று பட்டினியில் செத்திருக்கிறது. பொய்கைச் சந்தையில் செவ்வாய்க்கிழமைகளில் பானை வயிறும் பரட்டை முடியுமாகச் சில கன்றுகள் நிற்கும், பார்த்திருப்பீர்கள். அவற்றில் பலவும் இந்தப் பாதையில் வந்தவைதான்.

ஆகவே ரப்பர் காம்பு போட்ட பாட்டில் நல்லது. வாளி என்றால் தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல்லின் மேல் வையுங்கள். கையைக் கழுவிவிட்டு இரண்டு விரலைக் கன்றின் வாயில் கொடுங்கள். சப்பத் தொடங்கியதும் கையை மெல்லப் பாலுக்குள் இறக்குங்கள். இரண்டு மூன்று வேளையில் விரல் இல்லாமலே குடிக்கப் பழகிவிடும். பாலின் சூடு கன்றின் உடம்புச் சூட்டை ஒட்டி, 38, 39 டிகிரி இருக்க வேண்டும். மணிக்கட்டின் உட்புறத்தில் விட்டால் இதமான சூடு தெரிய வேண்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றுவது கழிச்சலுக்கு நேர் வழி.

தாய்ப் பாலை முதலில் முடித்துவிடுகிறேன். மடிநோய் உள்ள பசுவின் பாலைக் கன்றுக்கு விடாதீர்கள். திரி இல்லாத மற்ற இரண்டு காம்புப் பாலும் இப்போது வேண்டாம். ஊசி மருந்து ரத்தத்தின் வழியாக நான்கு காம்புக்கும் வந்துவிடும். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து போகாது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த மருந்தைக் குடித்து வளரும் கன்றுக்கு, பிற்பாடு உண்மையிலேயே தேவைப்படும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம். சொசைட்டிக்கு ஊற்றக் கூடாத பால் கன்றுக்கும் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசி ஊசிக்குப் பின் எத்தனை நாள் தள்ள வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், ஊசி போடுகிற டாக்டரிடமே கேளுங்கள்.

எருமைப் பால் கொடுக்கலாம், தாராளமாக. ஆனால் அதில் 6 முதல் 8 சதம் வரை கொழுப்பு உண்டு. உங்கள் ஜெர்சி கலப்புப் பசுவின் பாலில் நாலு, நாலரை, ஐந்துக்குள் இருக்கும். திடீரென்று முழு எருமைப் பாலுக்கு மாற்றினால், ஏற்கெனவே கழியும் வயிறு தாங்காது. இங்கேதான் எல்லோரும் தண்ணீரைக் கலக்கிறார்கள். அதற்குப் பதில் பாக்கெட் பாலைக் கலந்து பாருங்கள். சமன்படுத்திய பால் என்று போட்ட பாக்கெட்டில் கொழுப்பு 3 சதம். 7 சதமுள்ள எருமைப் பாலோடு அதைச் சரிபாதி சேர்த்தால் 5 சதம் வரும். கிட்டத்தட்ட தாய்ப் பாலின் கணக்கு. பாக்கெட் செலவு பாதியாகும், எருமைப் பாலிலும் பாதி சொசைட்டிக்கு மிஞ்சும். உங்கள் வீட்டு நிலைமைக்கு என் சிபாரிசு இதுதான். எருமைப் பாலைக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்குங்கள்.

பாக்கெட் பால் மட்டுமே என்றாலும் கெடுதல் இல்லை. கொழுப்பு அளவு பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். 4.5 சதம் கிடைத்தால் அதை வாங்குங்கள். 3 சதம்தான் கிடைக்கிறது என்றால் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஆட்டுப் பால் எளிதில் செரிக்கும், ஆனால் நம் நாட்டு ஆட்டில் குட்டி குடித்தது போக ஒரு கன்றுக்குத் தேவையான பால் எங்கே கிடைக்கும்? பக்கத்து வீட்டில் அன்றைக்குக் கன்று போட்ட பசு இருந்து, அதன் கன்று குடித்தது போகச் சீம்பால் மிஞ்சினால் கேட்டு வாங்குங்கள். நோய் எதிர்ப்புப் பொருளை ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் வயதை உங்கள் கன்று கடந்துவிட்டது. ஆனாலும் சீம்பால் குடலின் உட்புறத்தில் காவல் காக்கும், சத்தும் அதிகம். வேளைக்கு அரை லிட்டர் சீம்பாலை மற்றப் பாலோடு கலந்து கொடுக்கலாம்.

கன்றுக்கான பால் பவுடரில் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. மூட்டையைத் திருப்பி எழுத்தைப் படியுங்கள். புரதம் 20 சதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சேர்மானத்தில் பால் பவுடர், மோர்த்தெளிவுப் பவுடர் (whey powder) என்று முதலில் வந்தால் வாங்கலாம். சோயா மாவு முதலில் வந்தால் மூன்று வாரம் முடியாத கன்றுக்கு வேண்டாம், அந்தப் புரதம் இந்த வயதில் சரியாகச் செரிக்காது. கரைக்கும்போது கைப்பிடிக் கணக்கு உதவாது. மூட்டையில் போட்டிருப்பதே கணக்கு, பெரும்பாலும் ஒரு லிட்டருக்கு 125 கிராம் ஒட்டி இருக்கும். எடை போட்டுக் கரையுங்கள். டீக்கடைக்கு வாங்கும் பால் பவுடர் வேறு சாமான். அதில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள், வெல்லத்தில் பட்ட பாட்டை மறுபடியும் படுவீர்கள். இப்போது கழிகிற நேரத்தில் எந்தப் பவுடருக்கும் மாற வேண்டாம். சாணம் மஞ்சள் பசை போலக் கெட்டிப்பட்டு நாலைந்து நாள் போகட்டும்.

அளவு? கன்றைத் தூக்கிக்கொண்டு மூட்டைத் தராசில் ஏறி நில்லுங்கள். அப்புறம் தனியாக ஏறி, அதைக் கழித்துக்கொள்ளுங்கள். 30 கிலோ என்றால் பத்தில் ஒரு பங்கு, நாளைக்கு 3 லிட்டர். இது கன்று உயிரோடிருந்து கொஞ்சம் வளர்வதற்கான அளவுதான். கழிச்சல் நின்றதும் ஒரு வாரத்தில் படிப்படியாக 4 லிட்டருக்குக் கொண்டுபோனால் உடம்பு வைப்பது கண்ணுக்கே தெரியும். பாதி தண்ணீர் கலந்து 3 லிட்டர் கொடுத்தபோது கன்றுக்குப் போய்ச் சேர்ந்த பால் ஒன்றரை லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஒரு வாரம் மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், தினமும் அதே நேரங்களில், ஒரே ஆள் கையால். இரண்டாம் மாதம் எடையில் பதினைந்தில் ஒரு பங்கு, மூன்றாம் மாதம் இருபதில் ஒரு பங்கு என்று குறைக்கலாம், அப்போது கன்றுத் தீவனம் நன்றாகத் தின்ன வேண்டும். கழிச்சல் நின்றதும் ஒரு கைப்பிடி கன்றுத் தீவனத்தைப் பால் குடித்த வாயில் தடவிவிட்டுப் பழக்குங்கள். தினமும் முக்கால், ஒரு கிலோ தின்னத் தொடங்கிய பிறகுதான் பாலை நிறுத்துவது பற்றி யோசிக்க வேண்டும்.

நல்ல தண்ணீர் எப்போதும் தனிச் சட்டியில் இருக்கட்டும். பால் குடிக்கிற கன்றுக்குத் தண்ணீர் எதற்கு என்பார்கள். நம் வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், பால் மட்டும் தாகத்தைத் தீர்க்காது. குடற்புழு மருந்தின் முதல் தவணையும் பத்தாம் நாளை ஒட்டித்தான் வரும். சில புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே இறங்குகின்றன. கழிகிற கன்றுக்கு இன்றைக்குக் கொடுக்கலாமா, நாலு நாள் தள்ளலாமா என்று டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

மடி சரியாகி, டாக்டர் சொன்ன நாளும் கழிந்த பின் தாய்ப் பாலுக்குத் திரும்பலாம். ஒரே வேளையில் மாற்றாதீர்கள். முதல் நாள் கால் பங்கு, அடுத்து அரை, பிறகு முக்கால், நான்காம் நாள் முழுதும். எந்தப் பாலிலிருந்து எந்தப் பாலுக்குப் போனாலும் இந்தக் கணக்கு ஒன்றேதான்.

அடுத்த ஈத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்டவிட வேண்டும் என்று நம் பக்கம் இன்னும் பல வீடுகளில் காக்கவைக்கிறார்கள். மாட்டின் கருப்பையில் தாயிடமிருந்து கன்றுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி போவதில்லை. அது கிடைக்கிற ஒரே வழி சீம்பால். அதை ரத்தத்துக்கு எடுத்துக்கொள்ளும் கதவு மணிக்கு மணி மூடிக்கொண்டே வந்து, ஒரு நாளில் அடைந்துவிடும். கொடி விழட்டும், விழாமல் போகட்டும், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று குடிக்க வேண்டும். முதல் நாளில் குறைந்தது இரண்டரை, மூன்று லிட்டர் உள்ளே போக வேண்டும். சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து அக்கம்பக்கம் கொடுப்பது நல்ல வழக்கம்தான், இரண்டாம் நாள் பாலில் செய்யுங்கள். முதல் கறவையில் கன்று குடித்தது போக மிஞ்சினால், கழுவிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில், பொங்கி வழியாமல் இருக்கக் கழுத்து வரை மட்டும் ஊற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் வையுங்கள், மாதக்கணக்கில் தாங்கும். உங்கள் தெருவில் தாயை இழந்து பிறக்கும் ஒரு கன்றுக்கு அது உயிர். உருக்கும்போது அடுப்பில் வைக்காமல், கை பொறுக்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள். கொதித்தால் சீம்பால் கட்டியாகிவிடும், கன்றுக்கு வேண்டியது அதில் இருக்காது.