கமோலி: முதலில் கடலைப் பாருங்கள் (கேள்வி பதில்)

வடமேற்கு இத்தாலியில், ஜெனோவாவுக்குக் கிழக்கே, போர்ட்டோஃபினோ மலைமுனையின் மேற்குப் பக்கம் ஒட்டியிருக்கும் சிறிய கடலோர ஊர் கமோலி. அங்கே நடக்க, நீந்த, சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும் இவை.

ஜெனோவாவில் தங்குகிறோம். கமோலிக்கு ஒரே நாளில் போய் வரலாமா? எந்த ரயில்?

தாராளமாகப் போய் வரலாம். பிரிஞ்ஞோலே நிலையத்தில் கிழக்கே போகும் வட்டார ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். வட்டார ரயிலுக்கு இருக்கை முன்பதிவு கிடையாது. காகிதச் சீட்டு என்றால் ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். சீட்டு கையில் இருந்தும் முத்திரை இல்லாமல் அபராதம் கட்டுகிறவர்கள் ஏராளம். போகும்போது வலப்பக்கம் உட்காருங்கள், சுரங்கங்களுக்கு இடையில் கடல் தெரியும்.

நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'கமோலி - சான் ஃப்ருத்துவோசோ' என்று இருக்கும். இறங்கியதும் சான் ஃப்ருத்துவோசோ மடாலயம் பக்கத்தில்தான் என்று நினைத்துவிடாதீர்கள். அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே சாலையே கிடையாது, நடந்து போகலாம் அல்லது படகில் போகலாம்.

சான் ஃப்ருத்துவோசோவுக்கு நடந்து போவது எவ்வளவு கடினம்? அறுபது வயது தாண்டிய அப்பா அம்மாவும் வருகிறார்கள்.

இரண்டு பாதைகள் இருக்கின்றன. எது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டும் சான் ரோக்கோ என்ற மேட்டு ஊரில்தான் பிரிகின்றன. கமோலியிலிருந்து சான் ரோக்கோ வரை சுமார் 220 மீட்டர் ஏற்றம், பெரும்பாலும் படிக்கட்டு, முக்கால் மணி நேரம். முழங்கால் வலி உள்ளவர்கள் இந்தப் பகுதிக்குப் பேருந்தில் போய்விடுவது நல்லது. பலர் இங்கேயே களைத்துப்போய், உண்மையான நடை தொடங்கும்போது கால் நடுங்க நிற்கிறார்கள்.

முதல் பாதை கடலோரமாக, 'பத்தெரியே' வழியாகப் போகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலப் பீரங்கித் தளங்களின் கான்கிரீட் அறைகள் வழியில் இருப்பதால் அந்தப் பெயர். அதைத் தாண்டியதும் பாறைச் சரிவில் சங்கிலி பிடித்துக் கடக்கும் இடங்கள் வரும். இங்குள்ள பாறை கூழாங்கற்கள் ஒன்றாக இறுகி உருவானது. காய்ந்திருந்தால் காலணிக்கு நல்ல பிடிப்பு கிடைக்கும். நனைந்துவிட்டால் உருண்டைக் கற்களின் மேல் கால் வழுக்கும். மழை பெய்த மறுநாள் காலையிலும் நிழல் பக்கம் ஈரம் காய்ந்திருக்காது. சான் ரோக்கோவிலிருந்து இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும். உயரத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறவர்களும் சிறு குழந்தைகளும் இதில் போகக்கூடாது.

இரண்டாவது பாதை மலைக்குள்ளே, 'பியெத்ரே ஸ்ட்ரெத்தே' என்ற சந்திப்பு வழியாக ஏறி இறங்குவது. ஏற்றம் அதிகம், ஆனால் சங்கிலி கிடையாது, மரநிழல் நிறைய உண்டு. உங்கள் பெற்றோர் தினமும் நடக்கிறவர்கள் என்றால் இதில் அழைத்துப் போகலாம். கடைசி இறக்கம்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஊன்றுகோல் இருந்தால் கொண்டுபோங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். கல்லிலும் மரத்திலும் சிவப்பு வண்ணத்தில் வரைந்த புள்ளி, முக்கோணம் போன்ற குறிகள்தான் வழிகாட்டி. கிளம்பும் இடத்துப் பலகையில் உங்கள் பாதையின் குறி எது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அதை மட்டும் தொடருங்கள்.

எந்தப் பாதையானாலும், திரும்பும் படகு ஓடுகிறதா என்று கமோலி துறைமுகத்தில் கேட்ட பிறகே கிளம்புங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு படகு இல்லை என்று தெரிந்தால் அதே மலையை மறுபடி ஏற வேண்டும். அல்லது போர்ட்டோஃபினோ பக்கம் ஒன்றரை மணி நேரம் நடந்து பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

வெயில் நன்றாக அடித்தது, காற்றே இல்லை. ஆனாலும் படகு போகாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன்?

காற்று நின்ற பிறகும் அலை நிற்காது என்பதுதான் காரணம். தென்மேற்கிலிருந்து வீசும் 'லிபெச்சோ' காற்று எழுப்பிய நீண்ட அலை, காற்று அடங்கி ஒரு நாள் ஆன பின்னும் வந்துகொண்டிருக்கும். சான் ஃப்ருத்துவோசோ விரிகுடாவின் வாய் தெற்கு நோக்கித் திறந்திருக்கிறது. நடுக்கடலில் படகுக்குச் சிரமம் இல்லை. கரையை ஒட்டி நிறுத்தி, பலகை போட்டு ஆட்களை இறக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்து. அலை ஏற ஏற பலகையும் கூடவே ஏறி இறங்கும்.

இதற்கு நேர்மாறாக, வடக்கிலிருந்து 'த்ரமொந்தானா' குளிர்ந்து வீசும் நாளில் மலை மறைப்பதால் கரையோரக் கடல் தட்டையாக இருக்கும், படகும் ஓடும். ஆகவே வானிலைச் செயலியில் சூரியன் படத்தைப் பார்ப்பதோடு விடாமல், அலை உயரத்தையும் அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள்.

கடலுக்கடியில் உள்ள கிறிஸ்து சிலையை முக்குளிக்காமல் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் தெளிவாக எதிர்பார்க்காதீர்கள். குய்தோ கல்லெத்தி வடித்த, சுமார் இரண்டரை மீட்டர் உயர வெண்கலச் சிலை அது. 1954 ஆகஸ்டில் சான் ஃப்ருத்துவோசோவுக்கு எதிரே சுமார் 17 மீட்டர் ஆழத்தில் நிறுவப்பட்டது. 1947-இல் அங்கே முக்குளித்தபோது இறந்த தாரியோ கொன்சாத்தியின் நினைவாக வைத்தது. மேல் நோக்கி விரித்த கைகள், கலங்காத நாளில் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மிதப்பவருக்குத் தெரியும். காலையில் கடல் அமைதியாக இருக்கும்போது போங்கள்.

சிலிண்டருடன் இறங்குவதற்கு அடிப்படைச் சான்றிதழ் போதும், அதன் எல்லை 18 மீட்டர். ஆனால் இது 1999 முதல் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதி என்பதால், அனுமதி பெற்ற முக்குளிப்பு மையத்தோடு போவதுதான் எளிது. ஆகஸ்டிலும்கூட ஆழத்தில் தண்ணீர் சட்டென்று குளிரும். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள முக்குளிப்பு உடை போடுங்கள்.

குழந்தைகளோடு குளிக்க மணல் கடற்கரை உண்டா?

கமோலியில் இல்லை, எல்லாம் கூழாங்கல். ரப்பர் அடி வைத்த நீர்க்காலணி கட்டாயம். கரையிலிருந்து சில அடி வைத்ததுமே ஆழம் கூடிவிடும், ஆகவே நீந்தத் தெரியாத குழந்தையைக் கைப்பிடியில் வைத்துக்கொள்ளுங்கள். குடையும் சாய்நாற்காலியும் போட்ட பகுதி கட்டணத்துக்கு, மற்ற துண்டுப் பகுதி இலவசம்.

சொறிமீன் கடித்தால் வினிகர் ஊற்றலாமா?

இங்கே வருவது பெரும்பாலும் ஊதா நிறச் சிறிய சொறிமீன். அதற்கு வினிகர் வேண்டாம், நல்ல தண்ணீரும் வேண்டாம். இரண்டும் தோலில் ஒட்டியிருக்கும் வெடிக்காத கொட்டுசெல்களை வெடிக்க வைத்துவிடக்கூடும். கடல்நீரால் கழுவுங்கள். சமையல் சோடாவும் கடல்நீரும் சம அளவு குழைத்துச் சில நிமிடம் பூசி, வங்கி அட்டை போன்ற ஒன்றின் விளிம்பால் மெல்லச் சுரண்டி எடுத்து, பிறகு துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். மூச்சுத் திணறல், முகவீக்கம் என்றால் உடனே 112.

கயாக் எடுத்துச் சான் ஃப்ருத்துவோசோ வரை துடுப்புப் போடலாமா?

முதல் முறை என்றால் புந்தா கியாப்பா முனையோடு திரும்பிவிடுங்கள். அதுவரை மலை ஓரளவு மறைக்கிறது. முனையைத் தாண்டினால் திறந்த கடல், பக்கத்தில் செங்குத்துப் பாறைச் சுவர். பாறையில் மோதித் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் கலந்து படகை எல்லாப் பக்கமும் ஆட்டும். ஒதுங்கலாம் என்று பார்த்தால், வழியில் இருக்கும் காலா தெல்லோரோ விரிகுடாவுக்குள் படகு நுழையவே கூடாது, நீந்தவும் கூடாது, முழுப் பாதுகாப்புப் பகுதி. பழகியவர்கள் விடியலிலேயே கிளம்பி, பிற்பகல் கடற்காற்று எழும் முன் திரும்பிவிடுவார்கள்.

அந்த முனைக்கு அருகே கடலில் வரிசையாக மிதவைகள் தெரிகின்றனவே?

அதுதான் 'தொன்னாரெல்லா', நூற்றாண்டுகளாக அதே இடத்தில் போடப்படும் நிலைவலை. வசந்தத்தில் கட்டி, கோடை முடிந்ததும் எடுப்பார்கள். கரையை ஒட்டிப் போகும் மீன் குறுக்கே உள்ள வலையில் முட்டி ஆழம் நோக்கித் திரும்பும்போது அறை போன்ற வலைக்குள் போய்விடும். வலையின் பெரும்பகுதி பின்னப்படுவது தேங்காய் நாரில்! பருவம் முடிந்ததும் நார்வலையை அறுத்துக் கடலிலேயே விட்டுவிடுவார்கள், அது மக்கிப்போகும். மறு வருடம் புது வலை. நைலான் வந்த பிறகும் இதை விடாமல் செய்கிறார்களே, அதற்காகவே அந்த மீனவர்களை மதிக்கத் தோன்றுகிறது. கயாக்கில் போகிறவர்கள் மிதவைகளை விட்டு நன்றாக விலகிப் போங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கவலையே வேண்டாம். ஃபொக்காச்சா என்ற ஆலிவ் எண்ணெய் ரொட்டி எடைக்கு விற்பது. 'எத்தோ' என்றால் 100 கிராம். ஒருவருக்கு 'துவே எத்தி' கேளுங்கள், போதும். அடுத்த நிலையமான ரெக்கோவில் ஈஸ்ட் இல்லாத இரண்டு மெல்லிய மாவுத்தாளுக்கு நடுவே இளம் பாலாடைக்கட்டி வைத்துச் சுடுவார்கள், சூடாகவே சாப்பிட வேண்டும். ஆறினால் ரப்பர்போல ஆகிவிடும். பால் பொருளும் வேண்டாம் என்றால் ஃபரினாத்தா: கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், எண்ணெய், உப்பு மட்டும். நெத்திலி தூவியதும் விற்பார்கள், 'சென்சா அச்சூகே' (நெத்திலி இல்லாமல்) என்று சொல்லி வாங்குங்கள்.

எந்த மாதம் நல்லது?

நடக்க மே, ஜூன் முற்பகுதி, செப்டம்பர் பிற்பகுதி. நீந்த ஜூலை முதல் செப்டம்பர். மே இரண்டாவது ஞாயிறு மீன் திருவிழா, சுமார் நான்கு மீட்டர் அகல வாணலியில் மீன் பொரிப்பார்கள். அன்று ரயிலில் நிற்கவும் இடம் இருக்காது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு இரவு கடலில் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை மிதக்க விடுவார்கள். அதற்காக ஓர் இரவு தங்கலாம்.

மழை பிடித்துக்கொண்டால் நாள் வீண்தானா?

மலையையும் படகையும் மறந்துவிட்டுத் துறைமுகத்தில் நின்று வீடுகளைப் பாருங்கள். ஆறேழு மாடி உயரச் சுவர்களில் ஜன்னல், தூண், சிற்ப வளைவு எல்லாம் வண்ணத்தில் வரைந்தவை, நிஜ ஜன்னல்களோடு கலந்திருக்கும். வெயிலில் பிரித்தறிவது சிரமம். மேகம் மூடிய நாளில் நிஜ ஜன்னல் கதவுக்கு நிழல் இருக்காது, வரைந்த ஜன்னலுக்கு மட்டும் நிழல் விழுந்திருக்கும்.